அவளிடம் கேட்டேன், நீங்கள் பதில் சொன்னீர்கள்

போன சனிக்கிழமை கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க பிரிக்பீல்ட்ஸுக்கு என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, எஸ்டிபிஎம் என்ற ஆறாம் படிவத் தேர்வை முடித்த மகள். "உனக்கு என்னம்மா படிக்கப் பிடிக்கும்?" என்று மகளிடம் கேட்டேன். "டாக்டருக்குத்தான் சார்" என்றார் அப்பா. மறுபடி அவளைப் பார்த்தே கேட்டேன். இந்த முறை அம்மா சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது அந்தப் பெண் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அரசாங்க மருத்துவ இடத்துக்கு அவளுடைய புள்ளிகள் போதாது. தனியாரில் சேர்த்துவிடுங்கள் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். ஐந்து வருடம், மூன்றரை லட்சம் ரிங்கிட். வீட்டை அடகு வைத்து, அப்பாவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்திலும் கை வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். பயப்படாதீர்கள், வழி இருக்கிறது என்றுதான் முதலில் சொன்னேன். அந்தத் தாளைப் படித்த பிறகு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அண்ணே, அந்த வீட்டைத் தொடாதீர்கள். உங்களுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவள் படித்து, மருத்துவமனையில் இரண்டு வருட ஹவுஸ்மேன் பயிற்சியும் முடிக்கும்போது உங்களுக்கு ஐம்பத்தொன்பது. அப்போது கையில் சேமிப்பு இருக்காது, கடன் மட்டும் இருக்கும். மருத்துவம் முடித்தால் அரசாங்க வேலை நிரந்தரம் என்பது பழைய கதை. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கத் தொடங்கினார்கள். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த டாக்டர்கள் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்தப் படிப்பின் மீது உயிரையே வைத்திருக்கும் பிள்ளை என்றால் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். உங்கள் மகள் அப்படியா என்று உங்களுக்கே தெரியாது, ஏனென்றால் நீங்கள் அவளைக் கேட்கவில்லை. மாதத் தவணையைப் பெரியப்பா கட்டப்போவதும் இல்லை.

அப்பாவையும் அம்மாவையும் கீழே தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு மகளோடு பேசினேன். இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினாள்.

பாட்டிக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம். வாயைத் திறந்தால் "வா, வா" என்ற ஒரே சொல்தான். எதற்குச் சத்தம் போட்டாலும் வீட்டில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார்களாம், பாட்டி தட்டிவிடுவாராம். இவள் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் டம்ளர், கழிவறை, கோடாலித் தைலம், மின்விசிறி என்று படம் வரைந்து பாட்டியின் மடியில் வைத்தாள். பாட்டி மின்விசிறியைத் தொட்டார். போடச் சொல்லவில்லை, நிறுத்தச் சொன்னார். இத்தனை நாளும் அவருக்குக் குளிர்ந்திருக்கிறது.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் செய்த இந்த வேலைக்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. ஸ்பீச் தெரபி, அதாவது பேச்சு, மொழி சிகிச்சை. 1861இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர், "டான்" என்ற ஒலியைத் தவிர ஏறக்குறைய வேறு எதுவும் சொல்ல முடியாத நோயாளி ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையைப் பார்த்தார். இடப்பக்க முன்பகுதி பழுதாகியிருந்தது. பாட்டியின் நிலையும் இதைப் போன்றதாகத்தான் தெரிகிறது. புரிகிறது, சொல் வருவதில்லை. வேறு சிலருக்குப் பேச்சு சரளமாக வரும், பிறர் சொல்வது புரியாது. இதைப் பிரித்தறிந்து ஒவ்வொருவருக்கும் ஏற்ற வழி தேடுவது இந்தத் தொழில். விழுங்குவதைச் சோதிப்பதும் இவர்கள் பொறுப்புதான். பக்கவாதம் வந்தவருக்குக் கஞ்சி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அப்புறம் திக்குவாய், உதடு அல்லது அண்ணம் பிளவுபட்ட குழந்தைகள், காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைகள், கத்திக் கத்திக் குரல் போன ஆசிரியர்கள் என்று எல்லாரும் இவர்களிடம் வருகிறார்கள்.

நம் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் ஆங்கிலம், பிறகு மலாய். பிள்ளை பேசத் தாமதித்தால், "தமிழை நிறுத்திவிடுங்கள், குழம்புகிறான்" என்று யாராவது சொல்வார்கள். அது தவறு. பல மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது. ஆனால் அதைத் தமிழிலேயே சோதித்துச் சொல்ல ஆள் வேண்டுமே! ழகரம் வராத மூன்று வயதுக் குழந்தைக்குக் கோளாறா, வயதுதானா என்று தமிழ் தெரியாதவர் எப்படிச் சொல்வார்? மூன்று மொழி பேசிய பாட்டிக்கு, பக்கவாதத்துக்குப் பின் ஒரு மொழி மட்டும் முதலில் திரும்பி வருவதும் உண்டு. அது தமிழாக இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் தமிழ் தெரிய வேண்டும்.

யூகேஎம் என்ற மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995இலேயே இந்தப் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. நான்கு ஆண்டு, கோலாலம்பூர் வளாகத்தில், ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜிஸில். செந்தூலிலிருந்து வீட்டுச் சாப்பாட்டோடு போய்வரலாம். உடற்கூறு, மொழியியல், உளவியல் மூன்றையும் படித்துக்கொண்டே நோயாளிகளோடு பயிற்சி எடுக்க வேண்டும். நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் கூட்டினாலும் தனியார் மருத்துவத்தின் ஒரு பருவக் கட்டணத்துக்கு வராது. இடங்கள் குறைவு, போட்டி உண்டு, நேர்காணலும் உண்டு. கிளந்தானில் யூஎஸ்எம் என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகத்திலும், குவாந்தானில் இஸ்லாமிய பல்கலைக்கழகத்திலும் இதே படிப்பு இருக்கிறது. தனியார் கல்லூரி ஏதாவது இந்தப் பெயரில் விளம்பரம் செய்தால், அங்கீகாரத்தைப் பார்க்காமல் ஒரு காசும் கட்டாதீர்கள். 2016ஆம் ஆண்டின் துணை சுகாதாரத் தொழில் சட்டத்தின்படி, பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது.

சம்பளம் சிறப்பு மருத்துவர் அளவுக்கு வராது. கல்யாண வீட்டில் "என் பொண்ணு டாக்டர்" என்று சொல்ல முடியாது. இரண்டையும் உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பத்தில் முதல் தேர்வாக எதைப் போடுவது என்பதை அவள் கையாலேயே நிரப்பட்டும். பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் அறைக்குள் அவள் மட்டும்தான் போவாள், அதனால் பதில் சொல்லும் பழக்கம் இந்த வாரமே வீட்டில் தொடங்க வேண்டும். அடுத்த முறை பாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும்போது, பேச்சு சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். மகளையும் அழைத்துச் செல்லுங்கள், அந்தக் கொப்பியோடு. பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமை அவரையும் கூட்டி வாருங்கள். அவரிடம் நான் பேசுகிறேன்.