சின்னப் படங்கள் சேர்ந்து ஒரு முகம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போட்டோ மொசைக், அதாவது நூற்றுக்கணக்கான சிறுபடங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி ஒரு பெரிய படத்தை உருவாக்குவது, பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்திருக்கின்றன. அநேகமாக எல்லாரும் பைத்தான் நிரல்மொழியும், அதில் படங்களைக் கையாளும் பில்லோ நிரல்தொகுப்பும்தான் பயன்படுத்துகிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன். ஆரம்பிக்கும் முன் ஒன்று: மூலப்படங்கள் இருக்கும் ஃபோல்டரில் கை வைக்காதீர்கள். நகல் எடுத்து, அதில் வேலை செய்யுங்கள்.

கேள்வி: அக்கா, தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு அவர் முகத்தைக் குடும்பப் படங்களால் செய்கிறேன். 3000 படங்கள் கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சராசரி நிறத்தையும் எடுத்து, பொருந்துகிற கட்டத்தில் வைத்தேன். முகம் சேறு பூசினாற்போல வருகிறது. எங்கே தப்பு?

பதில்: மூன்று இடத்தில் இருக்கலாம்.

படத்துக்கு ஒரே ஒரு சராசரி நிறம் போதாது. இடப்பாதி இருட்டு, வலப்பாதி வெளிச்சம் என்று ஒரு படம் இருந்தால் அதன் சராசரி வெறும் சாம்பல்தான். அதைக் கன்னத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிடும் உங்கள் நிரல். கட்டத்தையும் சிறுபடத்தையும் 3×3 ஆகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்பது நிறம், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண், மொத்தம் 27 எண்கள். அவற்றை ஒப்பிடுங்கள். அப்பா படத்தை நான் இப்படிச் செய்தபோது, மூக்குக்கண்ணாடியின் மேல்விளிம்பு வரும் இடத்தில், வாசற்படி நிழல் கோடாக விழுந்திருந்த பழைய படம் ஒன்று தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. நான் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு கட்டத்தால்தான் கண்ணாடி கண்ணாடியாகத் தெரிந்தது.

அடுத்தது, சராசரி எடுக்கும் முறை. படக்கோப்பில் இருக்கும் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையான எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை. கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் சதுரங்கப் பலகையை எண்ணிலேயே கூட்டி வகுத்தால் 128 வரும். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு அது 188 ஆகத் தெரியும். உச்சி வெயிலில் எடுத்த படங்கள் எல்லாம் கணக்கை விட வெளுப்பாகத் தெரிவது இதனால்தான். முதலில் ஒளியளவுக்கு மாற்றுங்கள், சராசரி எடுங்கள், பிறகு திரும்ப மாற்றுங்கள். ஒப்பிடும்போது ஆர்ஜிபியை (சிவப்பு, பச்சை, நீல எண்களை) விட, நிறத்தை வேறு விதமாக அளக்கும் லேப் நிறவெளி நல்லது. கண் உணரும் வித்தியாசத்துக்கு அது நெருக்கமானது.

கடைசியாக, உங்களிடம் உள்ள படங்களின் வீச்சு. குடும்பப் படங்களின் சராசரி பெரும்பாலும் நடுத்தரமாகவே இருக்கும். ஆழ்ந்த கறுப்பும் பளிச்சென்ற வெள்ளையும் கிடைக்காது. தாத்தாவின் நரைக்கும் வேட்டிக்கும் வெள்ளை எங்கிருந்து வரும்? விரலுக்குத் தகுந்த வீக்கம்தான். கையில் உள்ள படங்களில் மிக இருண்ட சராசரியையும் மிக வெளிச்சமான சராசரியையும் பாருங்கள். தாத்தா படத்தின் ஒளியளவை அந்த எல்லைக்குள் சுருக்குங்கள்.

கேள்வி: ஒரு மொசைக் முடிய ராத்திரி முழுக்க ஓடுகிறதே, மேடம்?

பதில்: ஒவ்வொரு கட்டத்துக்கும் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்கிறீர்கள். 4800 கட்டம், 3000 படம் என்றால் 1 கோடியே 44 லட்சம் முறை. ஒவ்வொரு படத்தையும் ஒரே ஒரு தடவை திறந்து, அந்த 27 எண்களைக் கணக்கிட்டுச் சேமித்துவிடுங்கள். அப்புறம், மிக நெருங்கிய எண்களைச் சட்டென்று தேடித் தருவதற்கு, பைத்தானின் சைபை என்ற கணிதத் தொகுப்பில் கேடி மரம் என்ற வசதி இருக்கிறது. சில நொடிகளில் முடிந்துவிடும்.

கேள்வி: ஒரே படம் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது.

பதில்: பயன்படுத்திய படத்தை, சுற்றி ஐந்தாறு கட்டத்துக்குள் மறுபடி எடுக்கக் கூடாது என்று விதி போடுங்கள். ஒரு படம் இத்தனை முறைதான் என்று வரம்பு வைத்தால், மேலிருந்து கீழாக நிரப்பாதீர்கள். மோவாய்க்கு வருவதற்குள் நல்ல படங்கள் தீர்ந்துவிடும். கண், வாய் உள்ள கட்டங்களை முதலில் நிரப்புங்கள். மற்றதைக் குலுக்கிப்போட்ட வரிசையில் செய்யலாம்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? மேலே அசல் படத்தை 40 சதவீதம் மெல்லியதாகப் படரவிட்டால் முகம் வந்துவிடுமே?

பதில்: வரும். நான் செய்ய மாட்டேன். மேலே 40 சதவீதம் பூசினால், எந்தப் படத்தை எங்கே வைத்தாலும் முகம் தெரியும், தேடவே வேண்டாம். கிட்டே போய்ப் பார்ப்பவருக்குத் தன் முகம் பச்சையாகவும் நீலமாகவும் தெரியும். 1990களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சில்வர்ஸ் இந்தக் கலையைப் பிரபலமாக்கியபோது, பொருந்தும் படத்தைத் தேடிப் பிடிப்பதுதான் அதன் உயிராக இருந்தது.

மறுப்பு (அதே நபர்): பார்ப்பவர் ஆறடி தள்ளி நிற்கிறார். கட்டத்துக்குள் இருக்கும் முகத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

பதில்: எல்லாரும் பார்ப்பார்கள். அப்பா படம் கூடத்தில் மாட்டிய அன்றைக்கு, வந்தவர்கள் முதலில் ஒரு நிமிடம் தள்ளி நின்றார்கள். அப்புறம் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "நான் எங்கே?" என்று விரலால் தேடினார்கள். சித்தி தன்னைத் தாடைக்கருகில் கண்டுபிடித்தார், மஞ்சள் புடவையில். அந்த மஞ்சள் மஞ்சளாகவே இருக்க வேண்டும்.

இடையில் இன்னொருவர்: எங்கள் பாட்டிக்குக் கண்ணில் புரை. அவருக்குப் பெரிய முகம் தெரிந்தால் போதும். 200 படம்தான் இருக்கிறது. நான் என்ன செய்ய?

பதில்: நீங்கள் பூசுங்கள். 200 படத்தை வைத்துக்கொண்டு வேறு வழியில்லை. பாட்டிக்கு முகம் தெரிவதுதான் முக்கியம். இதில் என் பிடிவாதத்துக்கு இடமில்லை. 15, 20 சதவீதத்தில் தொடங்கிப் பாருங்கள். நிறத்தை விட்டுவிட்டு ஒளியளவை மட்டும் திருத்திப் பாருங்கள். புடவை மஞ்சளும் தப்பிக்கும், முகமும் வரும்.

கேள்வி: நிரல் ரொம்ப மெதுவாக ஓடுகிறது. நல்ல லேப்டாப் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சிறுபடங்கள் சில சதுரமாக வருவதில்லை, தம்ப்நெயில் கட்டளைதான் கொடுத்தேன். சில பக்கவாட்டில் படுத்திருக்கின்றன.

பதில்: தம்ப்நெயில் நீள அகல விகிதத்தை மாற்றாது. சதுரமாக வெட்ட பில்லோவின் ஃபிட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். நிமிர்ந்த படங்களில் தலை வெட்டுப்படாமல் இருக்க, நடுப்புள்ளியைச் சற்று மேலே வையுங்கள். படுத்திருப்பதற்குக் காரணம், படத்தை எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்று போன் கோப்புக்குள் பதிந்துவைக்கும் எக்சிஃப் திசைக்குறிப்பு. படத்தைத் திறந்தவுடன் எக்சிஃப் டிரான்ஸ்போஸ் கட்டளை கொடுங்கள், நிமிர்ந்துவிடும்.

தம்ப்நெயில் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது புதுப் படம் தராது. கையில் உள்ள படத்தையே சுருக்கிவிடும். அதை அதே பெயரில் சேமித்தேன். தங்கை கல்யாணப் படங்கள் 212, எல்லாம் 100 பிக்சலாகிவிட்டன. வேறு பிரதி இல்லை. அதனால்தான் நகல், நகல் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி: படங்கள் குறைவு. கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் இருக்கிறது.

பதில்: அருமை. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் கொண்டு ஐந்து நொடிக்கு ஒரு பிரேம் எடுங்கள். 2160 படம் கிடைக்கும். அடுத்தடுத்தவை ஒன்றுபோல இருக்கும், ஆகவே பக்கத்துக் கட்ட விதி இங்கே கட்டாயம்.

கேள்வி: போனிலேயே செய்ய நல்ல செயலி எது?

பதில்: நான் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தியவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: வேகமாக்க என்ன வழி?

பதில்: இரண்டாவது பதில்.

கேள்வி: அச்சுக்கு எவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும்? சேமித்த கோப்பை மறுபடி திறந்தால் பில்லோ பிழை காட்டுகிறது.

பதில்: 60×80 கட்டம், கட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் கட்டத்துக்கு 118 பிக்சல். மொத்தம் 7080×9440, நினைவகத்தில் சுமார் 200 எம்பி. இது போதும். நீங்கள் கட்டத்துக்கு 200 பிக்சல் வைத்திருப்பீர்கள். அது 19 கோடி பிக்சலைத் தாண்டும். ஏறத்தாழ 18 கோடிக்கு மேல் போனால், ஆபத்தான கோப்பாக இருக்குமோ என்று பில்லோ திறக்க மறுக்கும். அச்சுக்குக் கொடுக்கும் முன் திரையில் கண்ணை இடுக்கிக்கொண்டு, கண்ணாடி போடுபவராக இருந்தால் கழற்றிவிட்டு, ஒருமுறை பாருங்கள். கட்டங்களின் ஓரக்கோடுகள்தான் முகத்தை மறைப்பவை. பார்வை மங்கும்போது அவை மறைந்து முகம் எழும். அப்படியும் தாத்தா தெரியாவிட்டால் அச்சிலும் தெரிய மாட்டார். முதல் பதிலுக்குத் திரும்புங்கள்.