ஜீன் சுமக்கும் பஞ்சு – கடிதம்

வணக்கம் சார்,

எலும்பு இடைவெளிகளை நிரப்பும் பொருட்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வு மாணவன். எலும்பு வளரத் தூண்டும் பிஎம்பி-2 புரதத்தின் ஜீன் உள்ள பிளாஸ்மிடை (வளைய டிஎன்ஏ) பிஎல்ஜிஏ என்ற கரையும் பாலிமரின் நுண்ணுருண்டைகளில் அடைத்து, 37 டிகிரியில் உப்புக்கரைசலில் நான்கு வாரம் வைத்தேன். டிஎன்ஏவை அளக்கும் பைக்கோகிரீன் சாயத்தின் கணக்கின்படி டிஎன்ஏவில் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது. ஆனால் அந்தக் கரைசலைச் செல்கள்மேல் விட்டால் பிஎம்பி-2 புரதம் கொஞ்சமும் உருவாகவில்லை. ஜீன் வரிசையை இருமுறை சரிபார்த்துவிட்டேன். கொலாஜன் பஞ்சுக்கு மாறிவிடலாமா? புரதத்தையே நேராக வைக்கும் தயாரிப்பு 2002 முதல் இருக்கும்போது ஜீனை வைத்துச் சுற்றிவளைப்பானேன் என்று என் வழிகாட்டியும் கேட்கிறார்.

சரவணன்

அன்புள்ள சரவணன்,

வரிசையை மூன்றாம் முறை பார்க்க வேண்டாம். கோளாறு ஜீனில் இல்லை, அதைச் சுமக்கும் பொருளில் இருக்கிறது.

பைக்கோகிரீன் இரட்டை இழை டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அது முழுசாக இருக்கிறதா, அறுந்து கிடக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. 1, 7, 14, 28ஆம் நாள் மாதிரிகளை 1% அகரோஸ் ஜெல்லில், அடைப்பதற்கு முன் எடுத்துவைத்த பிளாஸ்மிடுக்குப் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். நன்றாக முறுக்கேறிய வளையம் வேகமாக ஓடிக் கீழே போய் நிற்கும். ஓர் இழை அறுந்தது மேலே தங்கும். துண்டு துண்டானது தீற்றலாகப் பரவும். அடைத்த அன்றே கொஞ்சம் உருண்டைகளைக் கரைத்து டிஎன்ஏவைப் பிரித்து அதையும் ஒரு தடத்தில் ஏற்றுங்கள். அதிலேயே அறுந்திருந்தால் உருண்டை செய்யக் குழம்பாக்கும்போது கொடுத்த சோனிகேஷன் (ஒலி அதிர்வு)தான் குற்றவாளி. அன்று நன்றாக இருந்து 14ஆம் நாள் தீற்றலானால் அமிலம்.

பிஎல்ஜிஏ லாக்டிக் அமிலமாகவும் கிளைகாலிக் அமிலமாகவும் உடைகிறது. ஓரத்தில் உண்டாகும் அமிலம் கரைசலுக்குள் போய்விடும். நடுவில் உண்டாவது தேங்கி, மேலும் உடைவதைத் துரிதப்படுத்தும். வெளியே பிஎச் 7.4 காட்டும்போதே உள்ளே 4க்கும் கீழே இறங்கலாம். அந்த அமிலத்தில் அடினினும் குவானினும் கழன்று, கழன்ற இடத்தில் இழை அறுகிறது. பிஎல்ஜிஏவை விட மனமில்லை என்றால், அமிலத்தை முறிக்க மெக்னீசியம் ஹைட்ராக்சைடை 3% அளவில் சேர்த்து அடைத்துப் பார்க்கலாம்.

கடிதத்தில் இன்னொன்றும் இடிக்கிறது. வெளிவந்தது வெற்று பிளாஸ்மிட் என்றால், அதைச் செல்மேல் ஊற்றினால் மட்டும் உள்ளே போகாது. செல்சவ்வு எதிர்மின்னூட்டம் கொண்டது, டிஎன்ஏவும் அப்படியே. அதே மாதிரியை, டிஎன்ஏவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் வழக்கமான டிரான்ஸ்ஃபெக்‌ஷன் வினைப்பொருளோடு கலந்து கொடுங்கள். அப்போது புரதம் வந்தால் உங்கள் டிஎன்ஏ பிழைத்திருக்கிறது, வண்டிதான் இல்லை.

கொலாஜனுக்கு மாறலாம். 100 மி.லி. 0.5 மோலார் அசிட்டிக் அமிலத்தில் அரை கிராம் நார்க் கொலாஜன். பாத்திரத்தைப் பனிக்கட்டியில் வைத்தே அரையுங்கள், சூடேறினால் ஜெலட்டினாகிவிடும். காற்றுக் குமிழ்களை வெற்றிடத்தில் எடுத்துவிட்டு, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் மைனஸ் 40 வரை குளிர்வித்து உறைநிலையில் உலர்த்துங்கள். தட்டின் ஓரம் சீக்கிரம், நடு மெதுவாக என்று உறைந்தால் துளைகள் ஒன்றுபோல் இராது. பிறகு உலர்ந்த பஞ்சை வெற்றிடத்தில் 105 டிகிரியில் 24 மணி நேரம், அதன்பின் ஈடிசி என்ற வேதிப்பொருளால் குறுக்குப்பிணைப்பு (நார்களை ஒன்றோடொன்று கட்டுவது). இரண்டையும் டிஎன்ஏ ஏற்றுவதற்கு முன்பே முடித்து, நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

டிஎன்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வண்டியாகக் கிளைத்த 25 கிலோடால்டன் பிஇஐ (நேர்மின்னூட்டமுள்ள பாலிமர்) பயன்படுத்தினால், பிஇஐயின் நைட்ரஜனுக்கும் டிஎன்ஏவின் பாஸ்பேட்டுக்குமான விகிதம் 10க்கு, 1 மைக்ரோகிராம் டிஎன்ஏவுக்குச் சுமார் 1.3 மைக்ரோகிராம் பிஇஐ. உப்புக்கரைசலில் கலக்காதீர்கள், துகள்கள் ஒட்டித் திரளும். 5% குளுக்கோஸில் கலந்து அரை மணி விட்டு, அளவு 200 நானோமீட்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பாதியைப் பஞ்சின் ஒரு பக்கம் விட்டு, 15 நிமிடம் கழித்துத் திருப்பி மீதியை விடுங்கள். விகிதத்தை 20க்கு ஏற்றினால் இன்னும் நிறைய ஜீன் போகும் என்று தோன்றும். செல்கள் செத்துவிழும்.

குறுக்குப்பிணைப்பு எவ்வளவு என்பதுதான் உண்மையான திருகு. குறைந்தால், எலும்பு இறுகும் முன் பஞ்சு கரைந்துவிடும். கான்கிரீட் இறுகுவதற்குள் சென்ட்ரிங்கைப் பிரித்த கதை. கூடினால் செல்கள் அதைத் தின்று உள்ளே நுழைய முடியாது. பஞ்சில் இருக்கும் ஜீனைச் செல்தான் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். செல் வராத இடத்தில் ஜீன் இருந்தும் பயனில்லை.

வழிகாட்டி கேட்டது நியாயமான கேள்வி. 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கொலாஜன் பஞ்சில் பிஎம்பி-2 புரதம் மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம். உடலின் எலும்பிலிருந்து இதைப் பிரித்தால் மைக்ரோகிராம் கணக்கில்தான் கிடைக்கும். வைத்த புரதம் சீக்கிரமே கசிந்துபோவதால் இவ்வளவு கொட்ட வேண்டியிருக்கிறது. கழுத்து முதுகெலும்பில் பயன்படுத்தியவர்களுக்கு மூச்சுக்குழாயை நெருக்கும் வீக்கம் வருவதாக 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. ஜீன் வைத்தால் அங்கிருக்கும் செல்லே கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் செய்துகொள்ளும். மிச்சிகனில் பொனாடியோ குழு 1996இல் எலித் தொடையெலும்பின் 5 மி.மீ. இடைவெளியிலும், 1999இல் நாய்களிலும் இதைக் காட்டியது. நாய்களில் பிளாஸ்மிட் ஆறு வாரமாவது வேலை செய்தது.

அப்படியானால் ஏன் இன்னும் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் வரவில்லை? 4 மி.மீ. தடிமன், 5 மி.மீ. நீள இடைவெளியோடு, 25 மி.மீ. தடிமனுள்ள மனிதக் காலெலும்பில் 5 செ.மீ. இடைவெளியை ஒப்பிட்டால் கனஅளவு சுமார் 400 மடங்கு. ரத்தக்குழாயிலிருந்து கால் மில்லிமீட்டர்கூடத் தள்ளி இருக்கும் செல்லுக்குப் பிராணவாயு எட்டாது. பஞ்சின் நடுப்பகுதி பட்டினி கிடக்கும். அதனால்தான் பிஎம்பியோடு ரத்தக்குழாய் வளர்க்கும் விஇஜிஎஃப் ஜீனையும் சேர்க்கிறார்கள். 2017இல் மினிபன்றிகளின் 1 செ.மீ. இடைவெளியில் செய்தது எனக்குப் பிடித்த வழி: முதலில் வெறும் கொலாஜன் பஞ்சு, இரண்டு வாரம் கழித்துச் செல்கள் குடியேறியபின் பிஎம்பி-6 பிளாஸ்மிடை நுண்குமிழ்களோடு ஊசியில் செலுத்தி அல்ட்ராசவுண்ட். அடுத்த ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. பிளாஸ்மிட் செல்லின் உட்கருவரை போயாக வேண்டும். ஜீனின் செய்தியைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவுக்கு அந்தத் தேவை இல்லை. 2022இல் பிஎம்பி-2 எம்ஆர்என்ஏ எலித் தொடையெலும்பை ஆற்றியது.

நீங்கள் கேட்காத ஒன்று. விலங்குச் சோதனைக்குப் போகும்போது டிஎன்ஏ ஏற்றிய பஞ்சைக் கிருமிநீக்கக் காமாக் கதிருக்கு அனுப்பிவிடாதீர்கள். வழக்கமான 25 கிலோகிரே டிஎன்ஏவையும் கொலாஜனையும் சேர்த்தே அறுக்கும். கிருமிநீக்கும் எத்திலீன் ஆக்சைடு வாயுவும் டிஎன்ஏவோடு வினைபுரியும். பஞ்சைத் தனியாகக் கிருமிநீக்கி, பிளாஸ்மிடை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துக் கிருமியற்ற மேசையில்தான் சேர்க்க வேண்டும். பிளாஸ்மிடை வளர்த்த ஈ.கோலி பாக்டீரியாவிலிருந்து வந்த எண்டோடாக்சின் நச்சு இந்த வடிகட்டியில் நிற்காது. அதை எல்ஏஎல் சோதனையில் தனியே பாருங்கள். இல்லாவிட்டால் அழற்சியைக் கண்டு ஜீனைத்தான் சந்தேகிப்பீர்கள்.