தைவானில் போய்ச் சீனம் படிப்பது பிற்கால வாழ்க்கையை உண்மையிலேயே மாற்றுமா?

மாற்றும். ஆனால் பட்டத்தை விட, அங்கே வாழ்ந்த நாட்கள்தான் மாற்றுகின்றன. இதை 'மொழியில் மூழ்குதல்' என்பார்கள். அதாவது வகுப்பு முடிந்த பிறகும் கடை, பேருந்து, வாடகை வீடு என எல்லா இடத்திலும் அந்த மொழியிலேயே காலம் தள்ளுவது.

காரணம் எளிது. சீனத்தில் தொனி மாறினால் பொருளே மாறிவிடும். 'மா' என்பதை ஒரு தொனியில் சொன்னால் அம்மா, இன்னொரு தொனியில் குதிரை! இதைப் புத்தகத்தால் மட்டும் காதில் ஏற்ற முடியாது. ஆங்கிலம் பேசும் தூதரக அதிகாரிகளுக்கு இந்த மொழியில் தேர்ச்சி வர ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் கணக்கு.

பெங்களூரில் கடை வேலைக்குப் போன நம்மூர்ப் பையன் ஆறே மாதத்தில் கன்னடத்தில் பேரம் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் அவனுக்கு இலக்கணம் சொல்லித்தரவில்லை. வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலிய அரசியல்வாதி கெவின் ரட் நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்திரேலியாவில் சீனம் படித்து, அப்புறம் தைபேயில் உள்ள தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தின் மொழி மையத்திலும் படித்தார். பெய்ஜிங்கில் உள்ள ஆஸ்திரேலியத் தூதரகத்தில் வேலை பார்த்தார். 2007இல் தன் நாட்டுக்குப் பிரதமரே ஆகிவிட்டார். எல்லாருக்கும் இப்படி நடக்காது. பலர் மொழிபெயர்ப்பு, வணிகம், ஆசிரியப் பணி என்றுதான் போவார்கள்.

சரி, சீனம் படித்தவர் சீன அரசின் ஆதரவாளராகிவிடுவார் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதே ரட்தான் 2008இல் பெய்ஜிங்கில் உள்ள பீக்கிங் பல்கலைக்கழக மேடையில், சீன மொழியிலேயே, திபெத்தின் மனித உரிமைப் பிரச்சினைகளைப் பேசினார்.