பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகினால் ரேக்கையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்களிடம் 2011ஆம் ஆண்டு வாங்கிய டீசல் எஸ்.யு.வி. இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் ஆயில் அடிக்கடி குறைந்துவிடுகிறது. வண்டியை ஒடித்துத் திருப்பினால் முன்பக்கத்தில் உறுமல் சத்தம் வருகிறது. ஒர்க்‌ஷாப்பில், ஸ்டீயரிங்கோடு சக்கரங்களைத் திருப்பும் ரேக் முழுவதையும் மாற்ற வேண்டும், 38,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா? ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று கடையில் ஒரு புட்டி விற்கிறார்களே, அதை ஊற்றலாமா? தாளவாடிக்கு அடிக்கடி போய்வருகிறோம். — வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ரேக் போய்விட்டது என்பதை எதைப் பார்த்துச் சொன்னார்கள்? முதலில் அதைக் கேளுங்கள். ஆயில் எங்கே கசிகிறது என்று விரல் வைத்துக் காட்டாமல் விலை மட்டும் சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். ஆயில் டப்பாவின் மூடி, டப்பாவுக்கு ஆயில் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸ், பம்பிலிருந்து அழுத்தத்தோடு ஆயில் போகும் பிரஷர் ஹோஸ், பம்பின் ஆயில் சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), ரேக்கின் சீல் என்று கசிய ஐந்து இடங்கள் உண்டு. இவற்றில் செலவு மிகுந்தது கடைசி ஒன்றுதான்.

கசிவைக் கண்டுபிடிக்க உங்கள் ஊரில் நல்ல வசதி இருக்கிறது. நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தில் வண்டியை நிறுத்துங்கள். என்ஜின் நன்றாக ஆறியதும் டப்பா, ஹோஸ், பம்ப், ரேக் எல்லாவற்றையும் பனியன் வேஸ்ட்டால் பிசுக்குப் போகத் துடையுங்கள். அடியில் பழைய அட்டையை விரியுங்கள். பிறகு ஒருவர் என்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்ப, இன்னொருவர் டார்ச்சோடு எட்ட நின்று பார்க்க வேண்டும். ஆயில் கீழ்நோக்கி ஓடுவதால் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. ஈரத்தின் உச்சி எங்கே என்று பாருங்கள், கசிவு அங்கேதான். அட்டையில் சொட்டுவது கறுப்பாக இருந்தால் என்ஜின் ஆயிலாக இருக்கலாம், தண்ணீராக இருந்தால் ஏ.சி. நீர். ரேக்கின் இரு நுனியிலும் கொசுவம் வைத்தாற்போல் ரப்பர் உறை இருக்கும். அதன் கிளிப்பைத் தளர்த்தி விலக்கும்போது உள்ளிருந்து ஆயில் வழிந்தால் ரேக் சீல் போய்விட்டது. உறைக்குள் காய்ந்து கிடந்தால், 38,000 ரூபாய் கதையைப் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

என்ஜின் ஓடும்போது ஹோஸைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். பிரஷர் ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது ரிட்டர்ன் ஹோஸ் வேலை. இதில் அழுத்தம் குறைவு. டப்பாவில் மாட்டிய இடத்தில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். வெடித்தது நுனி மட்டும் என்றால், ஹோஸ் நீளம் இடம் கொடுக்கும்போது அந்தத் துண்டை அறுத்துவிட்டுப் புது கிளிப் போட்டு இறுக்கலாம். ஹோஸே உப்பிப்போயிருந்தால் ஆயில் தாங்கும் புது ஹோஸ் வாங்குங்கள். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்த் துண்டு இங்கே உதவாது, ஆயில் பட்டுக் கூழாகிவிடும்.

பிரஷர் ஹோஸ் வேறு சங்கதி. அதன் நுனிகள் இரும்புக் குமிழோடு அழுத்திப் பிடிக்கப்பட்டவை, கிளிப்பெல்லாம் தாங்காது. கழற்றி மாட்டுவதை ஸ்பேனர் பழக்கம் உள்ளவர் செய்யலாம், புது செம்பு வாஷர் போட வேண்டும். ஹோஸ் கிடைக்கவில்லை என்று கைவிரித்தால், திருச்செங்கோடு பக்கம் போர்வெல் வண்டிகளுக்கு ஹோஸ் அடித்துத் தரும் கடைகளில் விசாரியுங்கள். பழைய ஹோஸை எடுத்துப் போய் அதே அளவு, அதே அழுத்தம் தாங்குவதாக அடித்து வாங்குங்கள். மாட்டும்போது சைலன்ஸர் குழாயில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் ஆயில் பட்டால் தீப்பிடிக்கும்.

பம்ப் சீலும் ரேக் சீலும் வீட்டு வேலை அல்ல. ஆனால் ரேக்கில் சீல் மட்டும் போயிருந்து, உள்ளே தண்டு துருப்பிடிக்காமல் இருந்தால் சீல் கிட் மாற்றினால் போதும். அதைச் செய்யும் ஸ்டீயரிங் மெக்கானிக்குகள் கோவையிலும் ஈரோட்டிலும் இருக்கிறார்கள். இரண்டாவது ஆளிடம் காட்டாமல் புது ரேக்குக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஆயில் எது என்பது டப்பா மூடியிலேயோ வண்டிக் கையேட்டிலேயோ இருக்கும். பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள், சீல் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும். வேலை முடிந்ததும் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, என்ஜினைப் போடாமலேயே ஸ்டீயரிங்கை இருபுறமும் மெதுவாகத் திருப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். அளவு குறையக் குறைய ஊற்றுங்கள். பிறகுதான் என்ஜின். ஆயில் நுரைத்தால் நிறுத்தி, நுரை அடங்கும்வரை காத்திருங்கள். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பி அங்கேயே சில நொடிக்கு மேல் பிடித்திருந்தால் பம்ப் சூடேறும். கழித்த ஆயிலை மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள், தடப்பள்ளி வாய்க்காலுக்கு வேண்டாம்.

அந்தப் புட்டி மருந்து காய்ந்த ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீலையும் வெடித்த ஹோஸையும் அது சேர்க்காது. அதை ஊற்றிவிட்டு, தாளவாடி வழியிலுள்ள திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது எனக்குச் சம்மதமில்லை. ஆயில் தீர்ந்தாலும் ஸ்டீயரிங் திரும்பும், ஆனால் கல்லாய்க் கனக்கும். எதிரே லாரி வரும் வளைவில் அந்தக் கனத்தோடு மல்லுக்கட்ட முடியுமா? கசிவு நிற்கும்வரை தாளவாடிக்குப் பஸ்ஸில் போங்கள்.

கேள்வி: சென்ற மாதம் ஒரு பழைய கார் வியாபாரியிடம் எஸ்.யு.வி. வாங்கினேன். ‘எங்கும் ஆயில் கசிவு இல்லை’ என்றார். இப்போது ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுகிறது. கேட்டால் கண்டுகொள்ளவில்லை. புகார் செய்யலாமா? — வாசகர், பெருந்துறை

பதில்: செய்யலாம். அவர் சொன்னது எழுத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பில், பேசிய வாட்ஸ்அப் செய்தி, விளம்பரப் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பழுதுபார்க்கும் முன்பு கசியும் இடத்தைப் படமெடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். சரிசெய்தபின் போனால், கசிவு இருந்ததற்கே ஆதாரம் கேட்பார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசுங்கள். வியாபாரி இறங்கிவரவில்லை என்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வாடகைக்கு விட வாங்கிய வண்டி என்றால் வியாபார நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். நீங்களே ஓட்டிப் பிழைக்கும் வண்டிக்கு அந்த வாதம் நிற்காது. வியாபாரியிடம் இல்லாமல் தெரிந்தவர் ஒருவரிடம் அவருடைய சொந்த வண்டியை வாங்கியிருந்தால் இந்த ஆணையம் உதவாது.