அயர்ன் ஃப்ளேம் பாதியில் நின்றுவிட்டதா?

ரெபெக்கா யாரோஸின் டிராகன் நாவலான ஃபோர்த் விங்கை இரண்டே நாளில் முடித்தேன், அதன் இரண்டாம் பாகமான அயர்ன் ஃப்ளேமில் நூறு பக்கம் தாண்டவில்லை, எனக்கு ஃபேன்டஸியே ஒத்துவராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பு உங்கள்மேல் இல்லை. முதல் புத்தகத்தில் நாயகி வயலெட் நாயகன் ஜேடனை நம்பலாமா என்ற இழுபறிதான் பக்கங்களைப் புரட்ட வைத்தது. இரண்டாவதில் 'என்னிடம் ஏன் மறைத்தாய்' என்ற ஒரே சண்டை திரும்பத் திரும்ப வருகிறது. டிராகன் டெய்ர்ன் வாய் திறக்கும் இடங்களுக்காகவே நான் தள்ளிக்கொண்டு போனேன். தம் கட்டிப் படித்தாலும் கதை முடியாது. 2025 ஜனவரியில் வந்த மூன்றாவதும் அந்தரத்தில்தான் விடுகிறது.

அதனால் முடிந்த கதையாக எடுங்கள். ரெபெக்கா ராஸின் டிவைன் ரைவல்ஸ் உங்களுக்குப் பிடிக்கும். போருக்குப் போன அண்ணனுக்குத் தட்டச்சு செய்த கடிதங்களை ஐரிஸ் அலமாரிக் கதவின் அடியில் தள்ளுகிறாள். அவை போய்ச் சேர்வது, அதே பத்திரிகையில் அவளோடு பதவிக்குப் போட்டியிடும் ரோமனிடம். அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. காதல் அந்த இடைவெளியில்தான் வளர்கிறது. கடவுளர்களின் போர்தான் கொஞ்சம் மங்கல். முதல் புத்தகம் பொல்லாத இடத்தில் நிற்கும், இரண்டாம் பாகமான ரூத்லெஸ் வவ்ஸையும் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

சிரித்துக்கொண்டே படிக்க வேண்டுமென்றால் ஹெதர் ஃபாசெட்டின் எமிலி வைல்ட் வரிசை, மூன்று புத்தகம். தேவதைகளை ஆராயும் பேராசிரியையின் நாட்குறிப்பு, அடிக்குறிப்புகள் வேறு! தொடக்கம் மெதுவாகத்தான் போகும். அவளுடைய சக பேராசிரியன் வென்டெல் வந்து சேரட்டும், அப்புறம் சரியாகிவிடும்.