பௌன் தெருப் பிள்ளையார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். மகளைப் பார்க்க நியூயார்க் போயிருந்தோம். ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலுக்கு அழைத்துப் போனார்கள். நம்மூர் மாதிரியே அபிஷேகம், கீழே கேன்டீனில் தோசை. வெளியே சுற்றினால் கடைப் பலகையெல்லாம் சீன எழுத்து, கொரிய எழுத்து. அவரவர் பாட்டுக்கு அவரவர் இருக்கிறார்கள். இது எப்படி ஒரே நாடாகும்? கலந்து பழகாதவர்களை இனி உள்ளே விடக்கூடாது என்கிறார் மாப்பிள்ளை. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ரா., மன்னார்குடி

அன்புள்ள ரா.,

எனக்குச் சரியென்று படவில்லை. நீங்கள் பார்த்த கோவில் பௌன் தெருவில் இருக்கிறது. அந்த ஊரில் இந்த வாதம் 1657-லேயே நடந்தது.

அப்போது அங்கே டச்சு ஆட்சி. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு யாரும் இடம் கொடுக்கக்கூடாது என்று ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் முப்பது பேர் கையெழுத்திட்டு மறுப்பு அனுப்பினார்கள். யூதர், துருக்கியர், எகிப்தியர் வரை எல்லோருக்கும் அன்பும் அமைதியும் சுதந்திரமும் உண்டு என்று அதில் எழுதியிருந்தார்கள். என்னை அசைப்பது இதுதான்: கையெழுத்திட்டவர்களில் ஒருவர்கூட குவேக்கர் இல்லை. யாரோ சிலருடைய வழிபாட்டுக்காக இவர்கள் போய் நின்றார்கள். மனுவை எழுதிய எட்வர்ட் ஹார்ட் சிறைக்குப் போனார். மற்றவர்களும் மிரட்டப்பட்டார்கள். 1662-ல் ஜான் பௌன் தன் வீட்டில் குவேக்கர்களைக் கூடவிட்டதற்காகக் கைதாகி நாடுகடத்தப்பட்டார். அவர் ஆம்ஸ்டர்டாம் போய், அந்த ஊரை ஆண்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடமே முறையிட்டார். மறு வருடம், மக்களின் மனசாட்சியில் தலையிடாதே என்று ஸ்டைவசன்டுக்கு உத்தரவு வந்தது. (அந்த ஊரே மட்டின்காக் பழங்குடிகளின் மண் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.) ஜான் பௌனின் வீடு அதே தெருவில் இன்றும் இருக்கிறது.

சரி, நம் கதைக்கு வருவோம். 1917-ல் இந்தியர்கள் குடியேறத் தடை. 1946-ல் தளர்த்தியபோதும் வருடத்துக்கு நூறு பேர்தான். சீனர்களுக்கு 1882-லிருந்து 1943 வரை கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது. இவர்களெல்லாம் ஒட்டமாட்டார்கள் என்பதுதான் அன்றைக்கும் சொன்ன காரணம். 1924-ல் இத்தாலியர்களையும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களையும் அதையே சொல்லிக் குறைத்தார்கள். 1965 குடியேற்றச் சட்டம்தான் இப்படி நாடு பார்த்து ஆள் குறைத்த ஒதுக்கீட்டை நீக்கியது. கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைபோய்ச் சம உரிமை கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் போராட்டம் இல்லாமல் இந்தச் சட்டம் இல்லை. அதன் வழியே வந்தவர்கள் எழுப்பிய கோவிலுக்குத்தான் 1977-ல் குடமுழுக்கு நடந்தது. நீங்கள் பார்த்த சீன, கொரியக் கடைக்காரர்களில் பெரும்பாலோர் வந்ததும் அந்த வழிதான்.

மாப்பிள்ளையிடம் கேளுங்கள்: அவர் சொல்லும் அளவுகோலை 1965-ல் வைத்திருந்தால், தேங்காய் உடைத்துக் கும்பிடும் நம்மை யார் உள்ளே விட்டிருப்பார்கள்?

2010-ல் மன்ஹாட்டனின் தென்பகுதியில் முஸ்லிம்கள் ஒரு மையம் கட்டத் திட்டமிட்டபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. இன்னொரு முறை அப்படி ஒன்று நடந்தால், பௌன் தெருவில் கும்பிடுகிற நம்மவர்கள் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் மாப்பிள்ளையும்தான்.