என்எஃப்எல் டிராஃப்டில் கடைசியாக எடுக்கப்பட்டவர்கள் எப்படி ஜெயிக்கிறார்கள்?

என்எஃப்எல் என்பது அமெரிக்கன் ஃபுட்பால் லீக்; அதன் அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அதில் ஆறாவது, ஏழாவது சுற்று வரை யாரும் சீண்டாத வீரர் பிறகு நட்சத்திரமாவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரணம், எளிதில் அளக்க முடிவதெல்லாம் உடல்தான். குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டாம் பிரேடி 40 யார்டை ஓட 5.28 வினாடி எடுத்தார், மந்தமான ஓட்டம். 2000-இல் 199-வது ஆளாகத்தான் போனார். எதிரணியின் தடுப்பைப் படித்துப் பந்தைச் சட்டென்று விடும் திறமை ஸ்டாப்வாட்ச்சில் தெரியாது. அவர் வென்றது 7 சூப்பர் பௌல், அதாவது லீகின் இறுதிப்போட்டிகள்.

அதைவிடக் கடினமானது அணியின் 53 பேர் பட்டியலில் ஒட்டிக்கொள்வது. கடைசிச் சுற்று வீரருக்குக் கொடுத்த பணம் குறைவு. அவரைக் கழற்றிவிட அணி தயங்காது. பெரும்பாலோர் இங்கேதான் காணாமல் போகிறார்கள். தப்பிக்கும் வழி ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது பந்தை உதைக்கும் தருணங்களில் இறங்கும் குழு. டெரல் டேவிஸைப் பாருங்கள்: 1995-இல் 196-வது தேர்வு, டென்வர் அணியில் ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்) வரிசையின் அடியில் இருந்தார். டோக்கியோவில் நடந்த முன்பருவ ஆட்டத்தில், கிக்ஆஃப் (தொடக்க உதை) பந்தைப் பிடித்து ஓடிவந்தவரை ஒரே மோதலில் சாய்த்தார். பயிற்சியாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பந்தைத் தொடாமலே கிடைத்த வாய்ப்பு அது! சீசன் தொடங்கியபோது முதல் ரன்னிங் பேக் அவர்தான். 1998-இல் 2,008 யார்டு ஓடி எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க வீரர்) ஆனார்; 2017-இல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம்.

மூன்றாவது, முன்னால் இருப்பவரின் காயம். 2022-இல் 262-வதாக, அதாவது கடைசி ஆளாக, வந்த பிராக் பர்டிக்கு முன்னால் இரண்டு குவாட்டர்பேக்குகள். இருவருமே காயத்தால் வெளியேறினார்கள். தயாராக இருந்ததால் பர்டி வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார். அடுத்த சீசனிலேயே அணியைச் சூப்பர் பௌல்வரை கொண்டுபோனார்.

ஆகவே கடைசிச் சுற்று வீரரை எடைபோடும்போது, அவர் ஸ்பெஷல் டீம்ஸில் ஆடுகிறாரா, அவருக்கு முன்னால் எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள்.